வகுத்தால் மட்டும் போதுமா?

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் திறன். வகுத்தல், ஜெர்மானியரான ஓம் 1827-இல் வெளியிட்ட உறவிலிருந்து வந்தது. இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் கிணற்று மோட்டாரை நம்பிப் பிழைக்கும் ஊர்களில் இது எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் இதன் பலம். 750 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் 3.26 ஆம்பியர் இழுக்கும். தடை ஏறக்குறைய 70.5 ஓம். உள்ளிருக்கும் நிக்ரோம் கம்பியின் தடை சூட்டில் பெரிதாக மாறாது. மாலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் திறன் 460 வாட்டாகச் சரியும் என்று காகிதத்திலேயே சொல்லிவிடலாம். அழுத்தம் 22 விழுக்காடு குறைந்ததற்குச் சூடு 39 விழுக்காடு குறைகிறது. வேட்டி மடிப்பு ஏன் படியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

60 வாட் குண்டு பல்பில் கணக்கு தடுமாறத் தொடங்குகிறது. எரியும்போது 882 ஓம். அணைந்து ஆறிய பல்பை மல்டிமீட்டரில் வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. டங்ஸ்டன் இழையின் தடை வெப்பத்தோடு ஏறுவதுதான் காரணம். ஆறிய பல்பின் தடையை வைத்துத் திறனைக் கணக்கிட்டால் நூற்றுக்கணக்கான வாட் பிழை வரும்.

மோட்டாரில்தான் உண்மையான ஆபத்து. 5 எச்.பி. மும்முனை மோட்டார் 415 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். வெறுமனே பெருக்கினால் 3,110 வாட். ஆனால் 5 எச்.பி. என்றால் தண்டில் கிடைப்பதே 3,730 வாட். உள்ளே போவதைவிட வெளியே வருவது அதிகம் என்கிறது கணக்கு; அது நடக்காத காரியம். மும்முனைக்கு உரிய 1.732-ஆலும், திறன் காரணி 0.85-ஆலும் பெருக்கினால்தான் 4,580 வாட் என்ற சரியான விடை வரும்.

வகுத்தலும் இங்கே ஏமாற்றுகிறது. 415-ஐ 7.5-ஆல் வகுத்தால் விடை 55 ஓம்; சுருளின் தடையோ சில ஓம்கள்தான். மின்னோட்டத்தை அடக்கி வைப்பது சுழலும் காந்தப்புலம் தூண்டும் எதிர் அழுத்தம். டிரான்ஸ்பார்மருக்குத் தொலைவில், லைனின் கடைசியில் இருக்கும் கிணற்றில் வோல்டேஜ் 340-க்கு விழுந்தால், சூத்திரத்தை நம்பும் மாணவர் 6.1 ஆம்பியரை எதிர்பார்ப்பார். மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரோ 9-ஐ நெருங்கும். அதே தண்ணீரை மேலே தள்ள வேண்டிய மோட்டார் கூடுதல் கரண்டை இழுத்துக்கொள்கிறது. 7.5 ஆம்பியர் 9 ஆனால் சுருளில் சூடு 44 விழுக்காடு ஏறும். "வோல்டேஜ் இறங்குனா ஆம்ப்ஸ் ஏறும்ணே" என்று வைண்டிங் கடைக்காரர் சொல்வது அனுபவத்தில் கண்ட இயற்பியல். அவர் உளியால் தட்டி எடுக்கும் கருகிய செம்புச் சுருள் அதற்குச் சாட்சி. அந்தச் சுருளுக்குப் பின்னால் நாலைந்து நாள் தண்ணீர் பாயாத வயல் கிடக்கிறது.

தவறு ஓமிடம் இல்லை. எந்த இரண்டு எண்ணையும் வகுக்கலாம். விடைக்குப் பொருள் உண்டா என்பதைக் கருவிதான் தீர்மானிக்கிறது. கரண்ட் முழுவதும் சூடாகிறதா, காந்தமாகிச் சுழல்கிறதா என்ற கேள்வி கணக்குக்கு முன்னால் வர வேண்டும். ஆய்வக மேசையில் இஸ்திரிப் பெட்டி, குண்டு பல்பு, சுமையோடு ஓடும் சிறு மோட்டார் மூன்றையும் வரிசையாக வைத்து, வோல்டேஜைக் குறைத்துக்கொண்டே ஆம்பியரை அளக்கச் சொல்லுங்கள். சூத்திரத்தின் எல்லையை மாணவர் தன் கண்ணாலேயே பார்த்துவிடுவார். நாளை கிணற்றடியில் மோட்டார் எரியும் முன்பே சுவிட்சை அணைக்கவும் அவருக்குத் தெரிந்திருக்கும்.