திறக்கும் கருவியா, பூட்டும் கருவியா? பிரித்தானிய மின்னாவணங்களும் செயற்கை நுண்ணறிவும்

பிரித்தானியாவின் 1958ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டத்தின்படி, அரசுத் திணைக்களங்கள் தம் ஆவணங்களுள் நிலைபெறத்தக்கவற்றைத் தெரிந்து காப்பகத்திடம் ஒப்படைத்தல் வேண்டும். அதற்கான கால எல்லை 2013 முதல் படிப்படியாக 30 ஆண்டுகளிலிருந்து 20 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. இதனால் தாள்கோப்புகளைத் தொடர்ந்து மின்னஞ்சல்களும் கணினிக் கோப்புகளும் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தை அடையும் காலம் நெருங்கியது. தாள்கோப்பைப் பக்கம் பக்கமாகப் படித்து, வெளியிடத்தகாத செய்தி உண்டா எனத் தீர்மானிக்க இயன்றது. ஒழுங்கின்றிக் குவிந்த மின்னஞ்சல்களில் அஃது இயலாது. எனவே, வழக்குகளில் சான்றாவணங்களைச் சலிக்கப் பயன்படும் கணினிவழி மீளாய்வு முறையைத் தேசிய ஆவணக்காப்பகம் ஆராய்ந்து 2016இல் அறிக்கை வெளியிட்டது.

இம்முறையின் தேவையை மறுப்பதற்கில்லை; வினவத்தக்கது அதன் சாய்வே. வெளியிடத்தகாததை வெளியிட்டால் அதிகாரி பழிக்கு ஆளாவார். வெளியிடத்தக்கதை மூடிவைத்தால் அதனை அறிபவர் இலர். இந்நிலையில் பொறியின் அளவுகோல் மூடும் பக்கமே சாயும். மேலும், பொறி முன்னைய மீளாய்வாளரின் தீர்மானங்களிலிருந்தே கற்கிறது. அவர்தம் அச்சத்தையும் சேர்த்தே கற்கும்.

அத்தீர்மானங்கள் பிறந்த நிருவாக மரபைத் தமிழாய்வாளர் அறிவர். கென்ய மக்கள் தொடுத்த வழக்கின் விளைவாக, முன்னாள் குடியேற்ற நாடுகள் 37இன் கோப்புகள் ஹான்ஸ்லோப் பார்க்கில் மறைந்து கிடந்தமை 2011இல் வெளிப்பட்டது. பின்னர்க் கியூவில் திறக்கப்பட்ட அத்தொகுதியில் இலங்கை, மலாயா, சிங்கப்பூர்க் கோப்புகளும் உள்ளன. இலங்கை தொடர்பான, 1978 முதல் 1980 வரையிலான ஏறத்தாழ 200 கோப்புகளை வெளியுறவு அமைச்சு அழித்துவிட்டமை 2018இல் தெரியவந்தது. அழிந்த கோப்பை எந்நுண்ணறிவும் படிக்காது. எனினும் தாள்கோப்பு எண்ணத்தக்க ஓர் அலகாதலின் இழப்பின் அளவையேனும் கூற முடிகிறது. ஒப்படைப்புக்கு முன் அலுவலர் ஒருவர் தனித்தனியே நீக்கிய மின்னஞ்சல்களுக்கு அவ்வெண்ணிக்கையும் எஞ்சாது.

பெயர்ச்சிக்கலும் சிறிதன்று. ‘சண்முகம்’ என்னும் ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் பலவாறு எழுதப்படும். குடும்பப் பெயரின்றித் தந்தை பெயரின் முதலெழுத்தோடு நிற்கும். ஐரோப்பியப் பெயர்முறையில் பயின்ற பொறி ஒருவரைப் பலராகவும் பலரை ஒருவராகவும் கொள்ளும். அதனால் காக்கவேண்டிய சாட்சியின் பெயர் வெளிப்படலாம். தேடும் ஆய்வாளருக்கு அதே பெயர் அகப்படாமலும் போகலாம்.

ஆகவே மூன்று கோரிக்கைகள் முன்வைக்கத்தக்கன. பொறி மூடிய ஆவணங்களிலிருந்து ஒரு கூற்றினைத் திணைக்களத்தைச் சாராத வல்லுநர் மறுபடியும் படித்தல் வேண்டும். மூடுதலுக்கான அளவுகோலும் பிழைவீதமும் வெளியிடப்படல் வேண்டும். நீக்கப்பட்டவற்றின் பட்டியல் ஆவணத்தோடு உடன் ஒப்படைக்கப்படல் வேண்டும். தமிழ்ப்பெயர்களின் எழுத்து வேறுபாடுகளைத் தொகுத்தளிக்கும் பணி நம்முடையது. அதனைப் பிறர் செய்வர் எனக் காத்திருத்தல் தகாது.