கணிப்பொறியை நாமே அமைப்பது எப்படி? – வழிகாட்டிகள் பற்றி ஒரு மதிப்பீடு

மேசைக் கணிப்பொறி ஒன்றை முதன்முறையாகத் தம் கையாலேயே அமைத்துப் பார்க்க விரும்புவோருக்கென எழுதப்பட்ட வழிகாட்டிகள் இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன. சில நூல்கள்; சில இதழ்க் கட்டுரைகள்; பெரும்பாலானவை காணொளிகள். மாணவர்களுக்கு ஒன்றைப் பரிந்துரைக்க வேண்டியிருந்ததால் இவற்றுள் பலவற்றைப் பொறுமையாகப் படித்தும் பார்த்தும் முடித்தேன். ஏறக்குறைய எல்லாமே ஒரே வரிசையில் செல்கின்றன. செயலியைப் பொருத்து, நினைவகத் தகட்டைச் செருகு, பசை இடு, குளிர்விப்பானை முடுக்கு, பெட்டியில் வை, கம்பிகளை இணை, பொத்தானை அழுத்து. வரிசையில் பிழை ஏதும் இல்லை. உப்பு எதற்கு என்று சொல்லாத சமையற் குறிப்பால் பெரிய தீங்கு விளைவதில்லை. ஆனால் பல்லாயிரம் ரூபாய் மதிப்புள்ள பாகங்களைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சி நிற்பவரிடம் காரணம் கூறாமல் கட்டளை மட்டும் இடுவதை அவ்வாறு எளிதாக விட்டுவிட முடியாது.

இத்துறையின் முன்னோடியான கட்டுரையை முதலில் நோக்குவோம். அமெரிக்காவின் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழ் 1975 சனவரியில் ‘ஆல்டெர் 8800’ என்னும் கணிப்பொறியை அட்டையில் வெளியிட்டது. நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில் இயங்கிய ‘மிட்ஸ்’ என்ற சிறு நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்டு ராபர்ட்ஸும் வில்லியம் யேட்ஸும் கட்டுரையை எழுதியிருந்தனர். பாகங்களின் தொகுப்பு 397 டாலர். வணிகக் கணிப்பொறிகளுக்கு ஈடானது என்று அட்டை முழங்கியது. உண்மையில் அட்டைப் படத்தில் இருந்தது வெறும் பெட்டி. முதல் மாதிரி அனுப்பும் வழியில் தொலைந்துவிட்டதால் உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பெட்டியைப் படம் எடுத்தார்கள்! இயந்திரத்துக்கு விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது. இன்டெல் 8080 நுண்செயலி நொடிக்கு 20 இலட்சம் துடிப்பு வேகத்தில் ஓடியது. நினைவகமோ 256 பைட்டுகள். இன்றைய யூனிகோடு முறையில் ‘கணிப்பொறி’ என்ற சொல்லை எழுத 27 பைட்டுகள் வேண்டும்; அப்படியானால் அந்த இயந்திரத்தின் நினைவகத்தில் அச்சொல்லை இடைவெளிவிட்டு ஒன்பது முறை எழுதலாம், பத்தாம் முறைக்கு இடமில்லை. அட்டையின் முழக்கம் மிகை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒன்றைப் பாராட்ட வேண்டும். ஆல்டெருடன் வந்த இயக்கக் கையேடு தர்க்கத்தில் தொடங்கியது. பின் மின்னணுத் தருக்க வாயில்கள், எண்முறைகள், இருமம், எண்மம் என்று படிப்படியாகச் சென்று, நினைவகத்தில் உள்ள இரண்டு எண்களைக் கூட்டி விடையை மீண்டும் நினைவகத்திலேயே வைக்கும் சிறு நிரலை எழுதிக் காட்டியது. முதல் எண்ணை எடு, ஒதுக்கி வை, இரண்டாம் எண்ணை எடு, கூட்டு, விடையை வை, மீண்டும் தொடக்கத்துக்குப் போ – இவ்வளவையும் 8080-இன் மொழியில் எழுதினால் 14 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டுக்கும் முகப்பில் உள்ள எட்டு ஸ்விட்சுகளை மேலும் கீழுமாகத் தள்ளி வைத்து, ‘சேமி’ விசையை அழுத்த வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அதைச் செய்து முடித்தவருக்கு நினைவகம் என்றால் என்ன, கட்டளை என்றால் என்ன என்று யாரும் பிறகு சொல்லித் தர வேண்டியதில்லை.

அதன்பின் நிலைமை மாறியது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிமனிதக் கணிப்பொறியை வெளியிட்டு, அதன் சுற்றுப்படங்களையும் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டது. பிறர் அதற்கு இசைவான இயந்திரங்களைச் செய்யத் தொடங்கினர். 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுமுறை வந்தபின், ஒரு நிறுவனத்தின் தாய்ப்பலகை மற்றொரு நிறுவனத்தின் பெட்டியில் திருகு துளை மாறாமல் அமர்ந்தது. பற்றாசுக்கோலின் இடத்தைத் திருப்புளி பிடித்துக்கொண்டது. சென்னை ரிச்சித் தெருவில் இவ்வாறு கோத்த பெட்டியை ‘அசெம்பிள் செய்தது’ என்றே சொல்வார்கள். அதுவே நேர்மையான சொல். வழிகாட்டிகளோ இன்னும் ‘உருவாக்குங்கள்’ என்கின்றன. உருவாக்கும் வேலை எல்லாம் தொழிற்சாலையில் முடிந்துவிட்டது. நம்மிடம் எஞ்சியிருப்பது, பாகங்கள் ஒன்றோடொன்று சந்திக்கும் இடங்கள் மட்டுமே. அவ்விடங்களில்தான் இயற்பியல் இருக்கிறது. வழிகாட்டிகள் வாய் மூடிக்கொள்வதும் அங்கேதான்.

எங்கள் மாணவர் ஒருவரின் அனுபவத்தைச் சொல்கிறேன். மாலையில் சிறுவர்களுக்குத் தனிப்பயிற்சி நடத்திச் சேர்த்த பணத்தில் பாகங்களை வாங்கி, ஒரு காணொளியை வரிக்கு வரி பின்பற்றி அமைத்தார். பொத்தானை அழுத்தினார். விசிறி சுழன்றது, திரை இருண்டே இருந்தது. ஒரு நிமிடம் பொறுத்தார். செயலி சரியாக அமரவில்லை போலும் என்று எண்ணி அனைத்தையும் கழற்றிச் செயலியைத் தூக்கினார். மீண்டும் வைக்கும்போது கை நடுங்கியிருக்கிறது. இக்காலச் செயலிகள் பலவற்றில் ஊசிகள் செயலியில் இல்லை, தாய்ப்பலகையின் பொருத்துவாயில் இருக்கின்றன, ஏ.எம்.டி.யின் 2022-ஆம் ஆண்டுப் பொருத்துவாயில் அவை 1718. தலைமுடி போன்ற அவற்றில் சில வளைந்தன. தாய்ப்பலகையின் விலை போயிற்று.

செயலியில் எந்தக் குறையும் இருந்திருக்கவில்லை. டி.டி.ஆர்.-5 வகை நினைவகத்தை முதன்முறை இயக்கும்போது, செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே ஓடும் குறியலைகளை எந்தக் கணத்தில் படித்தால் பிழையின்றிக் கிடைக்கும் என்று இயந்திரமே சோதித்துப் பார்த்து நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. ‘நினைவகப் பயிற்சி’ என்பது அதன் பெயர். சில இயந்திரங்களில் இதற்குப் பல நிமிடங்கள் ஆகும்; அதுவரை திரை இருண்டிருக்கும். ‘முதல்முறை பத்து நிமிடம் பொறுங்கள்’ என்ற ஒரு வரி அக்காணொளியில் இல்லை. பெட்டிக்குள் வண்ண விளக்குகள் பொருத்துவதற்கு அது ஒதுக்கிய நேரத்தை நினைக்கும்போது எனக்குச் சினம் வருகிறது.

வெப்பப் பசைக்கு வருவோம். வழிகாட்டிகள் அனைத்தும் ‘பட்டாணி அளவு இடுக’ என்கின்றன. ஏன் என்று கேட்டால் விடையில்லை. செயலியின் உலோக மூடியும் குளிர்விப்பானின் அடித்தட்டும் கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்தாலும், நுண்ணளவில் மேடும் பள்ளமுமே. இரண்டும் மேடுகளில் மட்டும் தொடும். பள்ளங்களில் காற்று தங்கும். காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. கணக்கிட்டுப் பாருங்கள். பரப்பு 9 சதுர செ.மீ., கடக்கும் வெப்பம் 100 வாட், இடைவெளி மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு என்று கொள்வோம். இடைவெளி முழுதும் காற்றாயிருந்தால், காற்றின் கடத்துதிறன் மீட்டருக்குக் கெல்வினுக்கு 0.026 வாட் என்பதால், இரு பக்கங்களுக்கும் இடையே 200 டிகிரிக்கு மேல் வெப்பநிலை வேறுபாடு வேண்டும். கடத்துதிறன் 5 உள்ள பசையால் நிரம்பியிருந்தால் ஏறக்குறைய ஒரே டிகிரி. (செயலியின் வெப்பம் சீராகப் பரவாமல் ஒரு சிறு சில்லிலிருந்து கிளம்புவதால் உண்மை எண்கள் சற்று மாறும், ஒப்பீடு மாறாது.) அதே பசை அரை மில்லிமீட்டர் தடிப்பாகத் தங்கிவிட்டால் 11 டிகிரி. ஆகவே பசை செம்புக்குப் போட்டியன்று, காற்றை வெளியேற்ற வந்தது. மெல்லிய படலம் போதும். அப்படலத்தின் தடிப்பை முடிவு செய்வது நாம் இட்ட அளவைக் காட்டிலும் திருகுகளின் இறுக்கமே. நான்கு திருகுகளையும் எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முடுக்கினால் மிகுதிப் பசை தானே பிதுங்கி வெளியேறும்.

இதை வைத்து 2018-இல் நடந்த ஒரு நிகழ்ச்சியை எடைபோடலாம். அவ்வாண்டு செப்டம்பரில் ‘தி வெர்ஜ்’ என்ற அமெரிக்கச் செய்தித் தளம், கணிப்பொறி அமைப்பது பற்றி ஒரு காணொளி வெளியிட்டது. ஏற்கெனவே பசை பூசி வந்த குளிர்விப்பானுக்கு மேலும் தாராளமாகப் பசை இட்டது, நினைவகத் தகடுகளைத் தவறான வாய்களில் செருகியது என்று பிழைகள் அடுக்கடுக்காக இருந்தன. பார்த்தவர்கள் கேலி மழை பொழிந்தனர்; காணொளி விலக்கிக்கொள்ளப்பட்டது. பிழைகள் பிழைகளே. ஆனால் கேலி செய்தவர்களில் பெரும்பாலோரும் ‘இப்படிச் செய்யக் கூடாது’ என்றார்களே தவிர, செய்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. மின்கடத்தாப் பசை மிகுந்தால், குளிர்விப்பான் நன்கு இறுகியிருக்கும்வரை, பலகை அழுக்காகும், அவ்வளவே. மின்சாரம் கடத்தும் உலோகப் பசையாயிருந்தால் கதை வேறு. இவ்வேறுபாட்டை அறியாத ஏளனத்தால் கற்பவருக்குக் கிடைத்தது அச்சம் மட்டுமே.

நினைவக வாய்களின் பிழையை அவர்கள் கேலி செய்தது சரிதான். அதற்கும் காரணம் உண்டு. இரண்டு தகடுகளை இரண்டு தனித்தனி வழிகளில் செருகினால் செயலி இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் படிக்கலாம். டி.டி.ஆர்.4-3200 வகையில் ஒரு வழியில் நொடிக்கு 25.6 கிகாபைட்டு, இரு வழியில் 51.2. ஆனால் நான்கு வாய்களில் பெரும்பாலும் இரண்டாவதையும் நான்காவதையும் ஏன் நிரப்பச் சொல்கிறார்கள்? ஒரு கயிற்றின் முனையைக் கட்டாமல் விட்டு மறுமுனையை உதறினால் அலை கட்டற்ற முனையில் பட்டுத் திரும்பி வருமல்லவா? கம்பித் தடத்தின் கடைசி வாய் காலியாக இருந்தால் குறியலையும் அவ்வாறே எதிரொலித்து வந்து அடுத்த குறியலையைக் குழப்பும். தடத்தின் கடைசியில் உள்ள வாயை நிரப்பினால் தொங்கும் முனை இல்லை. மேனிலைப் பள்ளியில் படித்த அலைப் பாடந்தான். ஆனாலும் நான் பார்த்த வழிகாட்டி ஒன்றும் இதைத் தொடவில்லை.

நிலைமின்சாரம் பற்றிய அறிவுரைகளில் மிகையும் குறையும் கலந்துள்ளன. மணிக்கட்டுப் பட்டை அணிந்தால் போதும் என்கிறார்கள் சிலர். ஒன்றும் வேண்டாம் என்கிறார்கள் சிலர். மனித உடலின் மின்தேக்குதிறனை 100 பைக்கோ ஃபாரடு என்று வைத்துக்கொள்வது வழக்கம். வறண்ட குளிர்நாட்டில், கம்பளத்தின் மேல் நடந்தவர் 3000 வோல்ட் வரை ஏறியிருந்தால் அவரிடம் உள்ள ஆற்றல் அரை மில்லிஜூலுக்கும் குறைவு. நமக்கு அது சுருக்கென்ற ஒரு குத்து. சில்லின் மெல்லிய ஆக்சைடு படலத்துக்கு அது இடி. ஏறக்குறைய 3000 வோல்ட்டுக்குக் கீழே நமக்கு எதுவும் தெரிவதேயில்லை என்பதுதான் ஆபத்து. ஈரக்காற்று வீசும் நம் கடலோர ஊர்களில் மின்னூட்டம் தேங்குவது குறைவு; குளிரூட்டிய அறையில் அவ்வாறு நம்பியிருக்க முடியாது. மணிக்கட்டுப் பட்டையின் கம்பியில் ஒரு மெகா ஓம் மின்தடை ஒளிந்திருக்கிறது. உடலின் மின்னூட்டம் அதன் வழியே நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் பெருமளவு வடிந்துவிடும். தவறி 230 வோல்ட் கம்பியைத் தொட்டால்கூட அதன் வழியே பாய்வது மில்லியாம்பியரில் கால் பங்குக்கும் குறைவு. ஆகையால் பட்டைக்குப் பதில் வெறும் செப்புக் கம்பியைக் கையில் சுற்றிக்கொள்வது கொடிய மடமை. பல வழிகாட்டிகள் மூன்று முனைச் செருகியின் நிலத் தொடர்பை நம்பிக் கேபினெட்டைத் தொடச் சொல்கின்றன. நம் பழைய வீடுகளில் அம்மூன்றாம் துளை மண்ணுக்குப் போகிறதா, சுவருக்குள்ளேயே நின்றுவிடுகிறதா என்று ஒரு மின்பணியாளரைக் கேட்டுவிட்டுத் தொடுவது நலம்.

மின்வழங்கியைத் திறக்காதே என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். நல்லது, அதிலுள்ள மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும். ஆனால் முதன்முறை அமைப்போர் மிகுதியாக மறப்பது செயலியருகே செருக வேண்டிய எட்டு முனை இணைப்பை. பெரிய இணைப்பு ஒன்று இருக்க இது எதற்கு என்று தோன்றும். செயலி 120 வாட் உண்கிறது, அதுவும் 1.2 வோல்ட் அளவில் என்று கொள்வோம். அப்படியானால் 100 ஆம்பியர். அதை 12 வோல்ட்டில் கொண்டுவந்தால் 10 ஆம்பியரே. நான்கு கம்பிகளுக்குப் பங்கிட்டால் கம்பிக்கு இரண்டரை. மின்னோட்டம் பத்தில் ஒன்றானால் கம்பியில் வீணாகும் வெப்பம் நூறில் ஒன்று. செயலியின் வாசலில் தாய்ப்பலகை அதை 1.2 வோல்ட்டாக இறக்கிக்கொள்கிறது. ஊருக்கு வெளியே உயர் அழுத்தம், தெருமுனையில் மின்மாற்றி என்று நாம் அன்றாடம் காணும் ஏற்பாட்டின் சிறு உருவம் இது. இதை உணர்ந்தவர் அவ்விணைப்பை மறக்க மாட்டார்.

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் சொல்லும் வழிகாட்டி என் கண்ணில் படவில்லை. கணிப்பொறியின் உள்ளத்தை அறிய விரும்பும் மாணவருக்கு நோம் நிசான், ஷிமோன் ஷாக்கன் இருவரும் எழுதி எம்.ஐ.டி. பதிப்பகம் 2005-இல் வெளியிட்ட ‘கணிப்பு முறைமைகளின் கூறுகள்’ என்ற ஆங்கில நூலையே தருகிறேன். 2021-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. ‘நேண்ட்’ என்னும் ஒற்றைத் தருக்க வாயிலில் தொடங்கி, கூட்டியும் நினைவகமும் செயலியும் மொழிபெயர்ப்பியும்வரை மாணவரே ஒவ்வொன்றாகச் செய்கிறார். ஆனால் அனைத்தும் திரைக்குள் பாவனையாக நடப்பவை. அங்கே வெப்பம் இல்லை, பசை இல்லை, வளையும் ஊசி இல்லை. தருக்க வாயில் கணநேரமும் தாமதிப்பதில்லை. ஆல்டெர் கையேடு தொடங்கிய வழி அதுதான். ஆல்டெரை அமைத்தவரின் சுட்ட விரல் மட்டும் அதில் கிடையாது.

அம்மாணவர் பிறகு வேறு தாய்ப்பலகை வாங்கினார். இம்முறை பெட்டியில் வைப்பதற்கு முன் அட்டைப் பெட்டி மேலேயே பலகையைப் பரப்பி, செயலி, ஒரே ஒரு நினைவகத் தகடு, குளிர்விப்பான், மின்வழங்கி, திரை ஆகியவற்றை மட்டும் இணைத்து இயக்கினார். சில வழிகாட்டிகள் சொல்லும் இந்த முன்சோதனை மிக நல்ல யோசனை. மற்றவை ஏன் விட்டன என்று தெரியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவர் காத்திருந்தார். நான்காம் நிமிடத்தில் திரை ஒளிர்ந்தது.