கள்ளப்பமும் சென்னை ஆப்பமும்

சென்னையில் ஓர் உறவுக்காரர் வீட்டில் ஆப்பம் பரிமாறும்போது, "உங்க ஊர்ல இதுல கள்ளு ஊத்துவாங்களாமே, போதை ஏறாதா?" என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மா புளிப்பதற்கு விடும் கள்ளு கொஞ்சம்தான். அதிலுள்ள வெறியமும் அப்பச்சட்டிச் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். கள்ளு ஏன் விடுகிறோம் என்று கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

எங்கள் யாழ்ப்பாணத்தில் பச்சையரிசியை ஊறவைத்து இடித்து அரிப்பார்கள். அரிதட்டில் தங்கும் குறுணிதான் கப்பி. அதைக் கூழாகக் காய்ச்சி ஆறவைத்து, மாவோடு சேர்த்துக் கள்ளு விட்டுக் குழைத்து இரவு மூடி வைப்பார்கள். அப்பத்தின் வித்தை கப்பி காய்ச்சுவதில்தான் இருக்கிறது. வேகாத அரிசியின் மாப்பொருள் நொதியங்களுக்கு இலகுவில் வசப்படாது. வெந்து வீங்கினால்தான் அதில் ஒரு பங்காவது சீனியாக மாறும். அந்தச் சீனியையும் கள்ளில் மிச்சமிருக்கும் சீனியையும் தின்று மதுவம் வாயுவை விடும். நாங்கள் பள்ளியில் மாப்பொருள், மதுவம், நொதியம் என்று படித்தவை சென்னையில் மாவுச்சத்து, ஈஸ்ட், நொதி. கேட்க எனக்குப் பிடிக்கும், எங்கள் சொற்களை விடத்தான் மனம் வராது.

பியர் வடிப்பவர்கள் அயடீன் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். கருநீலம் வராவிட்டால் மாப்பொருள் முழுக்க மாறிவிட்டது என்று பொருள். அப்பமாவில் அந்தச் சோதனை எடுபடாது. எவ்வளவு பொங்கினாலும் பெரும்பங்கு மாப்பொருள் அப்படியே கிடக்கும், அயடீனும் கருநீலமாகவே நிற்கும். அதனால் எங்கள் பெண்கள் விரலையும் மூக்கையும் நம்பினார்கள். கப்பிக்குள் விரலை விட்டுப் பார்த்து, சூடு முற்றாகப் போன பிறகுதான் கள்ளு விடுவார்கள். சூட்டோடு விட்டால் மதுவம் செத்துப்போகும். காலையில் மூடியைத் திறந்தால் மேலே ஊசித்துளைகள் இருக்க வேண்டும், அகப்பையால் கிளறினால் உள்ளே வலைபோலப் பிரிய வேண்டும், மணம் இனிப்பும் புளிப்புமாக வர வேண்டும். வினாகிரி மணம் குத்தினால் பிந்திவிட்டது. பிறகு உப்பும் சீனியும் தேங்காய்ப்பாலும் விட்டு ஓர் அப்பம் சுட்டுப் பார்ப்பார்கள். நடுவில் கண் விழாவிட்டால் சட்டியை இறக்கிவைத்து இன்னும் சற்றுப் பொறுப்பார்கள். கள்ளின் வீரியம் நாளுக்கு நாள் மாறும். மணிக்கூட்டை நம்ப முடியாது.

சென்னையில் நான் எட்டிப் பார்த்த அடுப்படிகளில் மணிக்கூடுதான் தீர்ப்புச் சொன்னது: ராத்திரி அரைத்தால் காலையில் ஆப்பம். அரிசியோடு உளுந்தும் வெந்தயமும் சேர்த்துக் கிரைண்டரில் அரைக்கிறார்கள். உளுந்து சேர்ந்த மாவில் பெருகி வாயு விடும் பாக்டீரியாக்களில் லூக்கோனோஸ்டாக் முக்கியமானது. ஒரு பிடி சோற்றையும் கூட அரைக்கிறார்கள். எங்கள் கப்பி செய்கிற வேலையைத்தான் அந்தச் சோறும் செய்கிறது, இதை ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. மாவும் மெத்தென்று பொங்குகிறது. ஆனால் கள்ளின் மணம் அதில் இல்லை. அது அவர்களுடைய குற்றமும் அல்ல. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. வேண்டுமென்றாலும் அவர்கள் எங்கே போய் வாங்குவார்கள்? கேரளத்தில் கள்ளுக்கடையும் இருக்கிறது, கள்ளப்பமும் இருக்கிறது. எங்களுக்கு ஊரிலேயே தவறணை, அதாவது கள்ளுக்கடை. பனங்கள்ளுப் பருவம் முடிந்தால் தென்னங்கள்ளு.

யாழ்ப்பாணத்திலும் இப்போது பலர் ஈஸ்ட் பைக்கற்றுக்கு மாறிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுடைய அப்பத்திலும் ஓரம் மொறுமொறுக்கிறது, கண் விழுகிறது. ஆனாலும் நடுவில் தேங்காய்ப்பால் விட்ட பாலப்பத்தைக் கள்ளு மாவில் சுட்டுச் சாப்பிட்ட வாய்க்கு அது போதாது. கள்ளு விட்டதற்காக எங்கள் அப்பத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதை நான் ஏற்கமாட்டேன்.