புள்ளி போதவில்லை!

செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரத்துக் குன்றிலே, பல்லவர் காலத்து உளி குடைந்த பாறைக்குள்ளே அரங்கநாதர் படுத்திருக்கிறார். நூற்றாண்டுகள் பல உருண்டோடின; எழுந்தாரில்லை. எனினும், "கையைத் தூக்க இயலுமா? ஐம்பது மீட்டர் நடக்க இயலுமா?" என்று எவரும் அவரைக் கேட்டதில்லை. படுத்தபடியே படையல் வருகிறது! அக்குன்றின் அடிவாரத்திலே மணிலா பிடுங்கும் உழைப்பாளி நோயுற்றுப் படுத்தால் மட்டும் சான்று கேட்கிறது உலகம். கல்லுக்கில்லாத சோதனை கருணைக்குரிய மனிதனுக்கு!

இந்த முரண்பாட்டை நாம் எண்ணும்படி செய்தது ஓர் ஆங்கிலப் படம். பால் லாவர்ட்டி எழுத, கென் லோச் இயக்கிய "ஐ, டேனியல் பிளேக்", 2016ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் முதற்பரிசைப் பெற்றது. கதை எளிது. நியூகாசில் நகரத்துத் தச்சன் டேனியலுக்கு மாரடைப்பு. வேலைக்குச் செல்லாதே என்கிறார் மருத்துவர். அரசின் உதவித்தொகைக்கோ வேறொரு தேர்வு: தொப்பி அணிவதுபோல் கையைத் தூக்குவாயா? பொத்தானை அழுத்துவாயா? நோய் நெஞ்சிலே, கேள்வி விரலிலே! தேவை 15 புள்ளி, கிடைத்தது 12. வேலைக்குத் தகுதியுடையவன் என்று தீர்ப்பு. முறையீடு செய்யுமுன் மறுபரிசீலனை. அதுவரை தொகை இல்லை. வயிற்றுக்காக, தன்னால் செய்ய இயலாத வேலையைத் தேடி அலைகிறான். இறுதியில், முறையீட்டு மன்றத்தின் வாயிலை மிதித்தவன், வழக்குப் பேசுமுன்னே மாண்டு போகிறான்.

கற்பனைதானே என்பீர்களா? அந்தத் தேர்வு 2008இல் அங்கே உண்மையாகவே வந்தது. நடத்தும் பணி அட்டோஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்திடம் விடப்பட்டது. எதிர்ப்பு வலுத்தது, 2015இல் அது விலக, மாக்சிமஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் வந்தது. ஒப்பந்தக்காரர் மாறினர், ஒப்பந்தம் மாறவில்லை. வேலைக்குத் தகுதி எனத் தீர்க்கப்பட்டபின், 2011 டிசம்பர் முதல் 2014 பிப்ரவரி வரை, 2,380 பேர் இறந்தனர் என்று அந்நாட்டு அரசே 2015இல் வெளியிட்டது. தீர்ப்பால்தான் இறந்தனர் என்பது இதன் பொருளன்று என்றது துறை. ஒப்புக்கொள்வோம். ஆனால், சாவு வாசற்படியில் நின்றபோது, உழைக்கும் உடல் என்று கண்ட கண்கள் எத்தகைய கண்கள்?

படத்தின் வெற்றி, கொடியவன் ஒருவனைக் காட்டாததிலே இருக்கிறது. கேள்வி கேட்பவள் கொடியவள் அல்லள். தாளில் உள்ளதைப் படிக்கிறாள். உதவ முன்வரும் பெண் அலுவலரை மேலதிகாரி தடுக்கிறார். அனைவரும் கடமை செய்கின்றனர், ஒருவன் சாகிறான். முறையே குற்றவாளி என்பதை இதைவிடத் தெளிவாகக் கூற இயலாது.

குறையும் உண்டு. டேனியல் நல்லவன், கைத்திறன் மிக்கவன், அண்டை வீட்டாருக்கு உதவுபவன். நாம் கண்ணீர் விடுகிறோம். அவன் முரடனாக, குடிகாரனாக இருந்திருந்தால்? உரிமை நற்சான்றிதழ் கேட்பதில்லை. நல்லவனுக்கு மட்டும் இரங்கினால் அது பிச்சையிடும் மனம், உரிமை அன்று. இந்த இடத்தில் படம் நம்மை எளிதாகத் தப்பவிட்டுவிடுகிறது.

இனி நம் முற்றத்தைப் பார்ப்போம். "மாற்றுத்திறனாளி" என்ற மானமிகு பெயரைத் தந்தார் கலைஞர். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. சான்றளிக்கும் பொறுப்பை அரசு நியமிக்கும் அதிகாரியிடம் வைத்தது. மேல்முறையீட்டுக்கும் வழி வகுத்தது. தனியார் கையில் தராசு இல்லை என்பது பெருமையே. ஆனால், டேனியல் சிங்கவரத்தில் பிறந்திருந்தால்? 12 புள்ளிகூடக் கிடைத்திராது! அந்த 21 வகைகளில் இதய நோய் இல்லை. சிறுநீரகம் செயலிழந்தோர் இல்லை. புற்றுநோய் இல்லை. காலிழந்தவனை அளக்க அளவுகோல் உண்டு. பத்தடி நடந்தால் மூச்சு முட்டுபவனை அளக்க இல்லை. அங்கே தராசு பொய்; இங்கே தராசே இல்லை!

தோழர்களே! நாம் கேட்பது கருணை அன்று, நீதி. பட்டியலில் புதிய வகைகளைச் சேர்க்க ஒன்றிய அரசுக்கு அச்சட்டமே அதிகாரம் தருகிறது, சேர்க்கட்டும். நாள்தோறும் நோயாளியைப் பார்க்கும் மருத்துவரின் சொல்லுக்கு முதலிடம் வேண்டும். மறுத்தால், மறுப்பவர் பெயரோடு காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முறையீடு முடியும்வரை உதவித்தொகை நிற்கக் கூடாது. நோயாளி விழுப்புரத்துக்கு அலைவதற்கு மாறாக, மருத்துவக் குழு ஊருக்கு வரட்டும். செலவு குறையும் என்று சொல்லி நாளை எவரேனும் இந்தத் தராசை ஏலம் விட வந்தால், நியூகாசில் தச்சனின் சவப்பெட்டியைக் காட்டுங்கள்.

படுத்திருக்கும் பாறைக்குப் படையல் தரும் ஊர், படுத்துவிட்ட மனிதனுக்குச் சோறு தர மறுக்குமானால், குடைந்தது குன்றை மட்டுமா? நம் நெஞ்சையும் அல்லவா!