பிக்குவின் முதுசொம்: ஒரு நூலும் அதன் வழித்தோன்றல்களும்

வல்பொல ராகுல தேரர் 1946ஆம் ஆண்டிலே சிங்களத்தில் எழுதி வெளியிட்ட 'பிக்ஷுவகே உருமய' என்னும் நூல் அளவாற் சிறியது, விளைவாற் பெரியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்கூற்றில் இலங்கை அரசியலிற் சமயப் பழமைவாதம் பெற்ற எழுச்சியை ஆராயப் புகுவார் இந்நூலை ஒதுக்கிச் செல்லல் இயலாது. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1974இல் வெளிவந்தது. 'உருமய' என்னுஞ் சொல் நம் 'உரிமை'யோடு ஒலியால் நெருங்கி நிற்பினும், வழிவழி வந்த முதுசொம் என்பதே ஈண்டுப் பொருள். அரசியலில் ஈடுபடுதல் பிக்குவின் முதுசொமா என்பது நூல் எழுப்பும் வினா. ஆம் என்பது அது தரும் விடை.

நூல் பிறந்த சூழலை மறந்து அதனை எடைபோடுதல் நேர்மையன்று. 1946 பெப்ரவரியில் வித்தியாலங்கார பிரிவேனாவைச் சேர்ந்த பிக்குகள், அரசியலிற் பங்குகொள்வது தமக்குத் தகும் என அறிக்கை விடுத்தனர். டி. எஸ். சேனநாயக்கா முதலிய தலைவர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். ராகுல தேரரும் அவர் தோழர்களும் அந்நாளில் முன்னின்றது எதற்காக? கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்துக்காகவும் ஏழை மக்களுக்காகவுமே யாம். இவ்விதழைக் கையிலேந்துவோருள் இலவசக் கல்வியாற் பயன்பெறாதார் அரியர். ஆதலின் அந்தப் பிக்குகளுக்கு நாமும் ஓரளவு கடன்பட்டோர் என்பதை மறைத்தல் கூடாது.

இனி நூலின் வாதத்துக்கு வருவோம். அதன் நடுத்தூண்களுள் ஒன்று எம்மூராகிய அலுவிகாரையிலே நாட்டப்பட்டுள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சமும் போரும் சங்கத்தைச் சிதைத்த பின்னர், அதுகாறும் வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது. எழுதிய இடம் இன்னதென மகாவமிசம் கூறவில்லை; மாத்தளை அலுவிகாரையே அவ்விடம் எனப் பிற்கால மரபு சொல்லும். அக்காலத்தை ஒட்டியே, சாசனத்துக்கு அடிப்படை கல்வியா, ஒழுகலாறா என்றொரு விவாதம் பிக்குகளிடையே எழுந்தது. கல்வியே என முடிவாயிற்று. அன்று முதல் பிக்கு குகையிலிருந்து ஊருக்குள் வந்தார். ஆசிரியராயினார், மருத்துவராயினார், மன்னனின் ஆலோசகருமாயினார் என்று தேரர் தொடர்ந்து காட்டுகின்றார். வரலாற்றாசிரியர் என்ற வகையில் அவர் புலமை ஐயத்துக்கு இடமற்றது.

ஆனால் வரலாற்றிலிருந்து உரிமைக்குத் தாவும் இடத்திலேதான் வாதம் இடறுகின்றது. பிக்குகள் இவ்வாறு செய்தார்கள் என்பது ஒன்று. ஆதலால் அவ்வாறு செய்யலாம் என்பது மற்றொன்று. துட்டகைமுனு எல்லாளனோடு பொருத கதையை நோக்குக. வேலிலே தாது வைத்துச் சென்ற மன்னன், வென்றபின் இறந்த உயிர்களை எண்ணி வருந்த, கொல்லப்பட்டோருள் மனிதர் என எண்ணத்தக்கவர் ஒன்றரைப் பேரே என எட்டு அரகந்தர் தேற்றினர் என்பது மகாவமிசக் கூற்று. நாட்டுக்கும் சமயத்துக்குமாகக் கொல்லுதல் பெருங்குற்றமன்று என்னும் எண்ணம் அக்காலத்துப் பிக்குகளிடமும் மக்களிடமும் இருந்தமைக்கு இதனைச் சான்றாகத் தேரரே காட்டுகின்றார். காட்டியவர் கண்டித்தாரா என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இத்தகைய முதுசொத்திற் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதற்கு நூலில் ஓர் அளவுகோல் இல்லை. தமிழ் வாசகனுக்கு மற்றொரு குறையும் புலப்படும். 'நாடு' என நூல் சொல்லுந்தோறும் சிங்கள பௌத்த சமுதாயமே கண்முன் நிற்கின்றது. ஏனையோர் அதில் எவ்விடத்தர் என்பது வினவப்படவே இல்லை.

அளவுகோல் இல்லாத வாதம் எவர் கைக்கும் எளிதிற் போகும். பத்து ஆண்டுக்குள் அது போயிற்று. 1956இல் ஐக்கிய பிக்கு முன்னணி பண்டாரநாயக்காவின் வெற்றிக்கு ஊரூராக உழைத்தது. 1957இல் செல்வநாயகத்தோடு அவர் செய்த ஒப்பந்தத்தை, 1958 ஏப்ரலில் பிக்குகள் அவர் இல்லத்தின் முன் அமர்ந்து, கைவிட்டதாக எழுத்திற் பெற்ற பின்னரே எழுந்து சென்றனர். 1959 செப்தெம்பரில் அவரைச் சுட்டவரும் ஒரு பிக்குவே. சதிக்குற்றம் நிரூபிக்கப்பட்டவருள் முன்னணியின் தலைவராயிருந்த களனி விகாராதிபதியும் ஒருவர். 1972 யாப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கிற்று. 2004இல் ஜாதிக ஹெல உறுமய என்னுங் கட்சியின் சார்பில் ஒன்பது பிக்குகள் பாராளுமன்றம் புகுந்தனர். கட்சிப் பெயரிலும் அதே 'உருமய' நிற்றல் காண்க. ராகுல தேரர் 1997இலேயே மறைந்துவிட்டார்.

அமெரிக்காவிலும் இத்தகைய திருப்பம் நிகழ்ந்தது. 1965இல் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்திற் போதகர்கள் இறங்கியபோது, போதகரின் பணி ஆன்மாக்களை மீட்பதேயன்றி அரசியலன்று எனப் பிரசங்கித்தவர் வேர்ஜீனியாவின் ஜெரி ஃபோல்வெல். அவரே 1979இல் 'ஒழுக்கப் பெரும்பான்மை' என்னும் இயக்கத்தைத் தோற்றுவித்து, மறு ஆண்டு றொனால்ட் றேகனின் வெற்றிக்காக உழைத்தார். மாட்டின் லூதர் கிங்கும் போதகரே. ஆகவே சமயத்தார் அரசியலுக்கு வரலாமா என்பது பிழையாக வைக்கப்பட்ட வினா என்பது எம் கருத்து. வந்தவர் கேட்பது யாது? தம் சமூகத்துக்கு மறுக்கப்பட்ட சமநிலையா, பிறருக்கு மேலான ஓர் இருக்கையா? கிங் கேட்டது முன்னையது. 1946இல் இலவசக் கல்விக்கு வாதாடிய பிக்குகளும் அவ்வரிசையினரே. 1958இல் அமர்ந்தவர் அல்லர்.

எச். எல். செனவிரத்ன 1999இல் வெளியிட்ட 'த வேர்க் ஒஃப் கிங்ஸ்' என்னும் ஆய்வில் இந்நூலின் தாக்கத்தை மிகக் கடுமையாகவே விசாரித்துள்ளார். சிங்கள அறிஞர் ஒருவர் தம்மவர் நூலை அவ்வாறு விசாரித்திருக்க, நாம் பிறர் நூலை மட்டும் விசாரிப்பது அழகன்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் தாழ்த்தப்பட்டோர் நுழைவை மறித்து நின்றவர், கணிதப் பேராசிரியராயும் அமைச்சராயும் இருந்த சி. சுந்தரலிங்கம். ஆகமமும் மரபுமே அவர் காட்டிய சான்று. அதுவும் முதுசொம் என்றே பேசப்பட்டது. அவ்வழக்கை முழுமையாக விசாரிக்கும் தமிழ் நூலொன்றை நம் மாணவருள் எவரேனும் எழுத முன்வருவாராயின், ராகுல தேரரின் நூலருகே அதனை வைத்துப் படிக்கலாம்.