சிறுமி தைத்த பாட்டு நூல்

பெரும்புலவர்களின் முதிர்ந்த நூல்களைப் பாராட்டுதல் எளிது. இளமையில் அவர்கள் எழுதிப் பழகிய ஏடுகளை மதிப்பிடுதலோ அரிது. குறையை மட்டும் எண்ணுவோர் அவற்றை ஒதுக்குவர். பெயரை மட்டும் நோக்குவோர் வானளாவப் புகழ்வர். இரண்டும் திறனாய்வு ஆகா. ஆங்கிலப் புதின ஆசிரியை சார்லட் பிராண்ட்டி அம்மையார் தம் 13ஆம் வயதில் எழுதிய கையெழுத்துப் பாட்டு நூல் இதற்குத் தக்க சான்றாகும்.

ஜார்ஜ் என்னும் பெயருடைய மன்னர் நால்வர் இங்கிலாந்தை அடுத்தடுத்து ஆண்ட காலம் 1830இல் முடிந்தது. அதற்கு முந்திய ஆண்டின் டிசம்பர்த் திங்களில், யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஹாவர்த் என்னும் சிற்றூரில் இந்நூல் உருவாயிற்று. சார்லட் அவ்வூர்ப் பாதிரியாரின் மகள். 1821இல் தாயையும், 1825இல் தமக்கையர் இருவரையும் இழந்தவர். தங்கை ஆனுக்காகச் சிறு வண்ணப்படங்கள் தீட்டிக் கதைநூல் ஒன்றை முன்னரே செய்து கொடுத்த கை அவருடையது. பாட்டு நூலோ சீட்டாட்டச் சீட்டினும் சிறியது. 15 பக்கங்கள், 10 பாடல்கள், பழுப்புத் தாள் உறை. யாவும் அவரே நூலால் தைத்த நூல்!

இயற்கையின் எழிலைப் பாடுவது ஒன்று. பாபேல் கோபுரத்தின் இடிபாட்டைக் கண்டு பாடுவது மற்றொன்று. ஹாவர்த் சிறுமி பாபேலைக் கண்டது கற்பனைக் கண்ணால் அன்றோ? அவருடைய வளர்ச்சிக்கு வித்து இங்கே கிடக்கிறது.

நூலின் முகப்பிலேயே ஓர் எழுத்துப் பிழை உண்டு. பாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் எழுத்துகள் இடம் மாறிவிட்டன. சிவப்பு மை எடுக்கும் ஆசிரியர் அங்கேயே நின்றுவிடுவார். அடுத்துப் படிப்பவரோ, இவை தாழ்ந்த தரத்து முயற்சிகளே, ஆயினும் தம்மால் இயன்றவற்றுள் சிறந்தவை என்று அச்சிறுமி அறிவித்திருப்பதைக் காண்பார். தம் எல்லையை அறிந்து, அதற்குள் முழு ஆற்றலையும் செலுத்தியவரின் அவையடக்கம் இது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. பாடல்களைக் கற்பனை உடன்பிறந்தார் இருவர் பாடியனவாகப் பாவித்தாலும், முகப்பில் சார்லட் பிராண்ட்டி என்று தம் பெயரையே அவர் பொறித்தார். 1837இல், இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இயலாது என்னும் கருத்துப்பட அரசவைக் கவிஞர் ராபர்ட் சவுதே அவருக்கு மடல் எழுதினார். 1846இல் சகோதரியர் மூவரும் வெளியிட்ட கவிதை நூலில் அவர் பெயர் கரர் பெல். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘ஜேன் அயர்’ புதினத்திலும் அதுவே. 13 வயதில் துணிவுடன் இட்ட பெயரை 30 வயதில் மறைக்க நேர்ந்தது! அந்த மறைப்புக்குக் காரணம் அவர் எழுத்தின் குறை அன்று. பெண்ணின் நூல் என்றதும் தராசையே மாற்றிய உலகின் குறை.

1916இல் நியூயார்க்கில் 520 வெள்ளிக்கு ஏலம் போன இந்நூல் பின்னர்ப் பார்வையிலிருந்து மறைந்தது. 2022இல் வெளிப்பட்டு, 12 இலட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க வெள்ளிக்கு விலைபோய், ஹாவர்த் அருங்காட்சியகத்திற்கே மீண்டது. விலை, பெயர் பெற்ற பின் வந்த மதிப்பு. பெயர் பெறுமுன்பே மதிப்பை உணர்தல் ஆசிரியர் கடமை. மாணவர் ஏட்டில் பிழையைத் திருத்துக. அதே கையால், அப்பிழைக்கு அப்பால் உள்ள முயற்சியையும் ஒரு சொல்லேனும் எழுதிப் போற்றுக.