‘மிகவும் திருப்தி’: ஒரு படிவத்தை வாசித்தல்

மருத்துவக் கல்லூரி ஒன்றின் உடற்கூறியல் துறையில் நான் ட்யூட்டராக இருந்தபோது புதிதாக ஒரு மென்பொருள் வந்தது. உடலைத் திரையில் சுழற்றலாம்; தோல், தசை, எலும்பு என அடுக்கடுக்காக உரிக்கலாம். முதலாண்டு மாணவர்களிடம் அதைப்பற்றிக் கருத்து வாங்கும் வேலை எனக்கு. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். பயன்படுத்த எளிதா? படங்கள் தெளிவா? நண்பருக்குச் சிபாரிசு செய்வீர்களா? டிக் அடித்துத் தந்தார்கள். கூட்டிச் சராசரி எடுத்தோம். நல்ல மார்க். மென்பொருள் பாஸ்.

கூட்டுவதற்கு முன்னால் அந்தப் படிவத்தையே ஒரு பிரதியாக வாசித்திருக்க வேண்டும் என இப்போது படுகிறது. ஐந்து கட்ட அளவுகோல் 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் மனப்பாங்குகளை அளப்பதற்காக முன்வைத்தது. கணினி அமைப்புகளை மதிப்பிட ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்துக் கேள்விகளும் இதே கட்டங்களைக் கொண்டவை. அவற்றை வைத்து வங்கிக் கணக்கு மென்பொருளையும் அளக்கலாம், இதயத்தைத் திறந்து காட்டும் மென்பொருளையும் அளக்கலாம். எங்கள் படிவமும் அந்தச் சாயல்தான். முன்னால் இருப்பது மனித உடல் என்பது அதற்குத் தெரியவே தெரியாது. மாணவர் அங்கே வாடிக்கையாளராகக் கட்டமைக்கப்படுகிறார். அவர் திருப்தியைச் சொல்லலாம். அறிவைப்பற்றிச் சொல்ல இடமில்லை.

பிடித்திருப்பதும் கற்றுக்கொள்வதும் ஒன்றா? கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் இடுப்பெலும்புப் பகுதியை எடுத்துக்கொண்டு கணினி மாதிரியையும் கையில் பிடிக்கும் மாதிரியையும் ஒப்பிட்டார்கள். கையில் பிடித்துப் படித்தவர்களே தேர்வில் நன்றாகச் செய்தார்கள். 2006இல் வந்த இன்னொரு ஆய்வில் காதின் உட்பகுதியை முப்பரிமாண மாதிரியோடு கற்றவர்கள் சராசரி 83 சதவீதம், அந்த மாதிரி இல்லாமல் கற்றவர்கள் 65 சதவீதம். இரண்டும் முரணல்ல. இடுப்பெலும்பைக் கையால் திருப்பிப் பார்க்கலாம். எலும்புக்குள் பொதிந்து கிடக்கும் உட்காதைக் கத்தி வைத்து முதலாண்டு மாணவருக்குக் காட்டுவது லேசான காரியமில்லை. ஆக, கேட்க வேண்டியது ‘மென்பொருள் நல்லதா?’ என்பதல்ல, எந்த உறுப்புக்கு, எதோடு ஒப்பிட்டு, யாருக்கு என்பது. இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

படிவம் கொடுத்த பிறகு டீக்கடையில்தான் மாணவர்கள் பேசினார்கள். ஒரு பையன் சொன்னான்: “சார், ஸ்க்ரீன்ல ஆர்ட்டரி சிவப்பு, வெயின் நீலம், நெர்வ் மஞ்சள். டேபிள்ல எல்லாமே ஒரே கலர், காஞ்ச கயிறு மாதிரி. கைய வெச்சா எதுன்னே தெரியல.” இதைக் கேட்டதும் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. பழைய ஆள் இல்லையா, ஃபார்மலின் வாடையில் வளர்ந்தவன். ஆனால் அரசுப் பள்ளியிலிருந்து வந்த ஒரு பெண் என் வாயை அடைத்துவிட்டாள்: “டேபிளச் சுத்தி இருபது பேர் சார். கத்தி எப்பவும் அந்த நாலு பேர் கைலதான். நான் எட்டித்தான் பாத்தேன். இதுலதான் மொதமொதல்ல நானே ஒவ்வொரு லேயரா எடுத்துப் பாத்தேன். யாரும் சீக்கிரம்னு வெரட்டல.” அவள் போட்டிருந்த டிக் ‘மிகவும் திருப்தி’. அந்த டிக்குக்குள் எங்கள் டிஸக்‌ஷன் ஹாலின்மீது ஒரு குற்றச்சாட்டு இருந்தது. நாங்கள் அதை மென்பொருளுக்கான பாராட்டாகக் கூட்டிக்கொண்டோம்.

இன்னொருவன் கேட்டான்: “அது யாரோட உடம்பு சார்?”

எங்கள் மென்பொருளில் அது எழுதியிருக்கவில்லை. ஆனால் இந்த வகை மென்பொருள்கள் பலவற்றுக்கு மூலமான உடல் எது என்பது பதிவில் உள்ளது. ஜோசப் பால் ஜெர்னிகன். கொலைக் குற்றத்துக்காக 1993 ஆகஸ்ட்டில் டெக்சாஸ் மாநிலம் விஷ ஊசி போட்டுக் கொன்ற கைதி. உடலை அறிவியலுக்குத் தரச் சம்மதித்திருந்தார். அந்த உடலை உறையவைத்து, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக 1871 தளங்களில் சீவிப் படமெடுத்தார்கள். அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ நூலகம் 1994இல் அதை வெளியிட்டது. மரண தண்டனைக் கைதி தரும் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் என்ற கேள்வி அன்றே எழுந்தது.

உடனே டிஸக்‌ஷன் ஹாலைப் புனிதமாக்கிவிட வேண்டாம். பிரிட்டனின் 1832ஆம் ஆண்டு உடற்கூறியல் சட்டம் ஏழை விடுதிகளில் இறந்து, கேட்க ஆளில்லாதவர்களின் பிணங்களைக் கல்லூரிகளுக்குத் திருப்பிவிட்டது. இங்கே 1951இல் வந்த சட்டமும் ‘உரிமை கோரப்படாத’ உடல்களைப்பற்றியதுதான். உரிமை கோரப்படாதவர் யார்? அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாகச் செத்தவர். நவீன மருத்துவப் பார்வை திறக்கப்பட்ட பிணத்தைச் சுற்றி உருவானதை ஃபூக்கோ 1963இல் விரிவாக எழுதினார். அந்தப் பிணம் எந்த வர்க்கத்திலிருந்து மேசைக்கு வந்தது என்பதையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டியுள்ளது. மேசையில் கிடப்பவரும் திரையில் சுழல்பவரும் பெயர் உரிக்கப்பட்டவர்கள்தான்.

இந்த மென்பொருள்கள் ஏன் இப்படி வரவேற்கப்படுகின்றன என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1997இல் எம்.பி.பி.எஸ். முதற்கட்டப் படிப்பை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகச் சுருக்கினார்கள். உடலை மெதுவாகப் பிரித்துப் பார்க்க நேரமில்லை. நேரத்தையும் ஆசிரியரையும் பிணத்தையும் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் திரையை வைத்து, ‘மாணவர்களே திருப்தி என்று சொல்லிவிட்டார்கள்’ எனக் காட்டுவதற்கு ஒரு சராசரி தேவைப்படுகிறது. அந்தச் சராசரியைப் போட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். டீக்கடையில் கேட்டதெல்லாம் அறிக்கையில் ‘பிற கருத்துகள்’ என்று ஒரே வரியானது.

திரும்ப ஒரு படிவம் எழுதச் சொன்னால் இப்படிக் கேட்பேன். திரையில் கண்டதை எந்த உடலில் தொட்டு அறிந்தீர்கள்? எதைத் தொட்டும் அறிய முடியவில்லை? மேசையில் கத்தி யார் கையில் இருந்தது? இது யாருடைய உடல் என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா? இவற்றுக்குக் கட்டங்கள் வேண்டாம், எழுத இடம் விட்டால் போதும். சராசரி எடுக்க முடியாதே என்பார்கள். எடுக்க வேண்டாம், வகுப்பில் சத்தமாக வாசியுங்கள். இருபது பேரில் எட்டிப் பார்த்தவர்கள் யாரென்று அப்போதாவது தெரியும்.